மகளுக்கு, டிரக் ஆர்டர் போடும் முன்

அன்புள்ள கண்ணு,

நீ வாங்கப்போகும் ஃபோர்டு எஃப்-150 டிரக்குக்கு அனுப்பிய பட்டியலை வரி வரியாகப் படித்துவிட்டேன். லாரியட் டிரிம் (வசதிப் படி), நாலு கதவு சூப்பர்க்ரூ கேப் (ஆட்கள் உட்காரும் அறை), ஐந்தரை அடி பெட் (பின்னால் சரக்கு வைக்கும் தொட்டி), ஹைப்ரிட் இன்ஜின், கண்ணாடிக் கூரை, 20 அங்குலச் சக்கரம். போனில் பேசினால் நடுவில் உனக்கு மாட்டுப் பண்ணையிலிருந்து யாராவது கூப்பிட்டுவிடுவார்கள், அதனால் எழுதுகிறேன். எஃப்-150 வாங்குவதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் இந்தப் பட்டியல் உன் மாட்டு டாக்டர் வேலைக்கு ஒத்துவராது. ஏன் என்று பொறுமையாகப் படி, அப்புறம் முடிவு உன்னுடையது.

ஷோரூமில் டிரிம் விஷயத்தை எப்படிப் பேசுவார்கள் என்று உனக்கே தெரியும். எக்ஸ்எல், எஸ்டிஎக்ஸ், எக்ஸ்எல்டி, லாரியட், கிங் ராஞ்ச், பிளாட்டினம் என்று ஏறிக்கொண்டே போகும், ஒவ்வொரு படிக்கும் சீட் மெத்தென்று ஆகும், ஸ்பீக்கர் கூடும், விலையில் சில ஆயிரம் டாலர் சேரும். மேலே போகப் போக வண்டியே பலமாகிறது என்ற எண்ணம் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. உண்மை அப்படியே தலைகீழ். அடிச்சட்டமும் அச்சும் பெரும்பாலும் ஒன்றுதான். வண்டி தன்னையும் சேர்த்து மொத்தம் எத்தனை பவுண்டு வரை போகலாம் என்ற வரம்பு டிரிம் ஏறுவதால் ஏறுவதில்லை. கண்ணாடிக் கூரை, மோட்டார் வைத்த சீட், பெரிய சக்கரம், தானாக இறங்கும் படி எல்லாம் எடை. அந்த எடை நீ ஏற்றக்கூடிய சரக்கிலிருந்துதான் கழியும். விலை அதிகமான டிரக் குறைவாகச் சுமக்கும், இதை விற்பவர் யாரும் தானாக எடுத்துச் சொல்ல மாட்டார்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் கோடு போட்ட ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்த்து இத்தனை பவுண்டுக்கு மேல் கூடாது என்று அதில் ஒரு எண் இருக்கும். அந்த எண் அந்த ஒரு வண்டிக்கு மட்டும் உரியது. விளம்பரத்தில் 13,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும் என்று போடுகிறார்களே, அது அதற்கென்றே தேர்ந்தெடுத்த இன்ஜினும் அச்சும் இழுவை பேக்கேஜும் உள்ள வண்டிக்கு. உன் வண்டிக்கு உன் கதவு ஸ்டிக்கர்தான் சட்டம். ஃபுல் டேங்க் பெட்ரோல் எடையை ஏற்கனவே கழித்துவிட்டுத்தான் அந்த எண்ணைப் போடுகிறார்கள், ஆனால் டீலர் பிற்பாடு மாட்டும் படி, மூடி எதுவும் அதில் சேராது.

இப்போது உன் கணக்குக்கு வா. நீ பெட்டில் வைக்கப்போகும் மருந்துப் பெட்டி காலியாகவே 450 பவுண்டு என்று சொன்னாய். அதிலுள்ள தண்ணீர்த் தொட்டி 20 கேலன், ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு, ஆக 167. எக்ஸ்ரே கருவி, அல்ட்ராசவுண்ட், கன்று இழுக்கும் ஜாக், சங்கிலி, வாளி, மருந்து எல்லாம் 250 என்று வைத்துக்கொள். நீயும் உன் உதவியாளரும் 300. மொத்தம் 1,167. உன் பட்டியலில் உள்ள மாதிரி ஹைப்ரிட்டும் கண்ணாடிக் கூரையும் போட்ட வண்டியின் ஸ்டிக்கரில் 1,500 சொச்சம் இருந்தாலே நல்லது. மிச்சம் 330 பவுண்டு.

இதோடு நீ கோடையில் இரண்டு குதிரை ஏற்றும் டிரெய்லரை இழுக்கப்போவதாகச் சொல்கிறாய். டிரெய்லரும் இரண்டு குதிரையும் சேர்ந்து 5,500 பவுண்டு என்றால், அதில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் டிரெய்லரை மாட்டும் ஹிட்ச்சின் மேல் உட்காரும், உட்கார வேண்டும், குறைந்தால் டிரெய்லர் நெடுஞ்சாலையில் வால் ஆட்ட ஆரம்பித்துவிடும். அது 550 முதல் 825 பவுண்டு. அதுவும் சரக்குக் கணக்கில்தான் சேரும். 330 இருக்கும் இடத்தில் 550 எப்படிப் போகும்? இழுவைத் திறன் இன்னும் ஏராளமாக மிச்சம் இருக்கும், ஆனால் சுமக்கும் வரம்பு முடிந்துபோயிருக்கும். டிரக் வாங்குகிற பலர் முட்டிக்கொள்வது இந்தச் சுவரில்தான்.

அதனால் நான் சொல்வது எக்ஸ்எல்டி, பின்சீட் சின்னதான சூப்பர்கேப், ஆறரை அடி பெட், 2.7 லிட்டர் டர்போ இன்ஜின், நான்கு சக்கர இயக்கம்.

கேப்பும் பெட்டும் முதலில், ஏனென்றால் பிற்பாடு காசு கொட்டினாலும் மாற்ற முடியாதவை அவை. சூப்பர்க்ரூவின் பின்சீட் அருமைதான், பெரியவர்கள் காலை நீட்டி உட்காரலாம். நானும் அம்மாவும் வரும்போது அதில் உட்காரலாம் என்று நீ சொன்னது மனசுக்கு நிறைவாக இருந்தது, ஆனால் எங்களுக்காக நீ தினமும் ஓட்டும் வண்டியை மாற்ற வேண்டாம் கண்ணு. ஐந்தரை அடி பெட்டில் பெட்டி ஏறினால் ஒரு வைக்கோல் கட்டுக்குக்கூட இடம் இருக்காது. சரி, சூப்பர்க்ரூவிலேயே ஆறரை அடி பெட் வாங்கலாமே என்று கேட்பாய். அந்த வண்டியின் நீளம் 20 அடியைத் தாண்டிவிடும். உன் வீட்டு கராஜ் உள்ளே 20 அடி. உன் ஊர் ஃபோர்ட் காலின்ஸ் பக்கம் ஆலங்கட்டி மழை எப்படி அடிக்கும் என்று நீதான் படம் அனுப்பினாய், வண்டி கராஜுக்குள் நிற்க வேண்டும். சூப்பர்கேப்பும் ஆறரை அடி பெட்டும் சேர்ந்தால், சூப்பர்க்ரூவும் ஐந்தரை அடியும் சேர்ந்த அதே நீளம்தான், 20 அடிக்குள் அடங்கிவிடும். எதற்கும் டேப் வைத்து அளந்து பார், சுவரோரம் அலமாரி இருந்தால் அதையும் கழித்து. கிங் ராஞ்ச், பிளாட்டினம் போன்ற மேல் டிரிம்களில் சூப்பர்கேப் கேட்டாலும் கிடைக்காது, அதிலேயே பாதி முடிவு தானாக ஆகிவிடுகிறது.

இன்ஜின் விஷயத்தில் உன் நண்பர்கள் டர்போ இல்லாத 5.0 லிட்டர் வி8-தான் (எட்டு சிலிண்டர்) இன்ஜின் என்று சொல்வார்கள். எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். மிச்சிகனில் இருந்தால் வாங்கு என்றே சொல்லியிருப்பேன். நீ இருப்பது 5,000 அடி உயரத்தில், லாரமி பக்கம் போனால் 7,200 அடி. டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய மூன்று சதவீதம் சக்தியை இழக்கும், காற்று மெலிந்துபோவதால். வி8 காகிதத்தில் 400 குதிரைசக்தி, உன் ஊரில் 340-ஐ ஒட்டி, லாரமியில் 315-க்குப் பக்கம். 2.7 டர்போ காகிதத்தில் 325, முறுக்கு விசை 400 பவுண்டு-அடி, டர்போ காற்றை அமுக்கித் தள்ளுவதால் மேலேயும் அதில் பெரும்பகுதி அப்படியே கிடைக்கும். மேட்டில் டிரெய்லரோடு ஏறும்போது உனக்கு வேண்டியது அந்த முறுக்கு விசைதான். எடையும் குறைவு, சாதாரண பெட்ரோலே போதும்.

ஹைப்ரிட்டை நீ கேட்டதன் காரணம் புரிகிறது, தடுப்பூசி ஃப்ரிட்ஜுக்கும் எக்ஸ்ரேவுக்கும் வண்டியிலிருந்தே கரண்ட் வேண்டும். ஹைப்ரிட் 2.4 கிலோவாட் தரும், கூடுதல் காசு கொடுத்தால் 7.2. இதைக் கட்டுமானத் தொழிலில் இருப்பவர்கள் வெல்டிங் மெஷின் ஓட்ட வாங்குகிறார்கள், அவர்களுக்கு அது வரம். உனக்கு 2 கிலோவாட்டே தாராளம், அது சாதாரண பெட்ரோல் இன்ஜினிலும் ஆப்ஷனாக உண்டு. அதைக் கட்டாயம் போடு. தவிர ஹைப்ரிட் சூப்பர்க்ரூவில் மட்டும்தான் வரும், பேட்டரி எடை வேறு.

அச்சு விகிதம் என்று ஒரு கட்டம் வரும், 3.31, 3.55, 3.73 மாதிரி எண்கள். முப்பது வருஷத்துக்கு மேல் என் சோறு இந்த அச்சு கியரில்தான் வந்தது, அதனால் இதை மட்டும் கொஞ்சம் நீட்டுகிறேன். சைக்கிளில் மேடு ஏறச் சின்ன கியர் போடுவாயே, அதேதான், எண் பெரிதாக ஆக இழுப்பது சுலபம், நெடுஞ்சாலையில் இன்ஜின் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். இப்போது பத்து கியர் பெட்டி வந்துவிட்டதால் தினசரி ஓட்டத்தில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, ஆனால் இழுவை வரம்பு இந்த எண்ணைப் பொறுத்து ஆயிரக்கணக்கான பவுண்டு மாறும். 3.55-க்குக் குறையாமல் எடு, உன் இன்ஜினுக்கு 3.73 கொடுத்தால் அதையே எடு. கூடவே பின் அச்சில் எலக்ட்ரானிக் லாக் கேள். மார்ச் மாதம் பனி உருகும்போது மாட்டுப் பட்டிச் சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டு நிற்கும், லாக் போட்டால் இரண்டும் சேர்ந்து தள்ளும். ஆர்டர் போடும்போது இதற்குச் சில நூறு டாலர், பிற்பாடு போட வேண்டுமென்றால் அச்சையே பிரிக்க வேண்டும்.

எல்லா ஆப்ஷனையும் நீ இப்படியே பிரித்துப் பார். தொழிற்சாலையில் போட்டால்தான் சரியாக அமையும் என்றால், வேண்டியதற்குத் தயங்காமல் காசு கொடு. டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர், ஏழு முள் மின் இணைப்போடு வரும் இழுவை பேக்கேஜ், டிரெய்லரின் நீளத்தையும் சேர்த்துப் பக்கத்தில் வரும் வண்டியைக் காட்டும் எச்சரிக்கை, சுற்றிலும் காட்டும் கேமரா, சூடாகும் சீட், சூடாகும் ஸ்டீயரிங், பெரிய பெட்ரோல் டேங்க், இதெல்லாம் அந்த வகை. சூடாகும் சீட் ஆடம்பரம் என்று நினைத்துவிடாதே, ஜனவரியில் விடிகாலை மூன்று மணிக்குக் கன்று ஈனும் மாட்டைப் பார்த்துவிட்டு, தோள்வரை நனைந்து வந்து உட்காரப்போவது நீ. பெட் லைனர், பக்கப் படி, மூடி, ரப்பர் மேட், சேறு தடுப்பான் எல்லாம் வெளியில் பாதி விலைக்குக் கிடைக்கும், அதுவும் பெட்டி வந்து உட்கார்ந்த பிறகு எது வேண்டும் எது வேண்டாம் என்று தெரிந்தே வாங்கலாம்.

20 அங்குலச் சக்கரத்தை விட்டுவிடு. 17 அல்லது 18 போதும், டயர் பக்கச்சுவர் உயரமாக இருந்தால் கரடுமுரடான மண்பாதையில் அடி தாங்கும், மாற்றும்போது டயர் விலையும் குறைவு. தோல் சீட்டும் வேண்டாம். சாணமும் அயோடினும் பட்ட உடுப்போடு ஏறுபவளுக்குத் துணி சீட்டின் மேல் கழற்றித் துவைக்கும் உறைதான் சௌகரியம். எக்ஸ்எல் டிரிம்மில் கம்பளம் இல்லாமல் வினைல் தரை வரும், குழாய் வைத்தே கழுவலாம் போல இருக்கும், சூடாகும் சீட் போன்றவை உன் டீலரின் பட்டியலில் எக்ஸ்எல்லிலேயே கிடைத்தால் எக்ஸ்எல்டிகூட வேண்டாம், இறங்கிவிடு. நம் ஊரில் மாட்டு டாக்டர் பைக்கில் ஒரு பையையும் ஐஸ் பெட்டியையும் வைத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போவார், தாத்தா அவருக்குத் திண்ணையில் மோர் எடுத்து வைத்துக் காத்திருப்பார். அதே வேலையை நீ கிரீலி வரைக்கும் போய்ச் செய்கிறாய் என்று நினைக்கும்போது எனக்கு எவ்வளவு பெருமை என்று நேரில் சொன்னதில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன்.

வாராவாரம் டிரெய்லர் இழுப்பாய் என்றால் நான் இதைவிடப் பெரிய எஃப்-250 என்று சொல்லியிருப்பேன். கோடையில் எப்போதாவது என்பதால் அந்த முரட்டுச் சவாரியும் பெட்ரோல் செலவும் உனக்குத் தேவையில்லை. எக்ஸ்எல்டியில் ஸ்டிக்கர் 1,800-ஐ ஒட்டி வந்தால், டிரெய்லர் மாட்டும் நாளில் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டு வரம்புக்குள் போகலாம். ஆர்டர் போட்ட வண்டியின் ஸ்டிக்கரை முன்கூட்டிப் பார்க்க முடியாது, அதனால் இந்தச் சனிக்கிழமை டீலர் இடத்துக்குப் போய், இதே கேப், இதே பெட், இதே இன்ஜின் உள்ள வண்டிகளின் கதவைத் திறந்து மஞ்சள் ஸ்டிக்கரைப் படம் எடு. எத்தனை கிடைக்குமோ அத்தனை. 1,700-க்குக் கீழேயே எல்லாம் இருந்தால் எனக்குப் போன் செய், வேறு மாதிரி யோசிப்போம்.

விலைப் பேச்சு சுருக்கமாக. 1958-ல் வந்த சட்டப்படி ஒவ்வொரு புது வண்டியின் கண்ணாடியிலும் விலைத்தாள் ஒட்ட வேண்டும், மன்றோனி என்ற செனட்டர் கொண்டுவந்தது, அதனால் அதை அவர் பெயரிலேயே கூப்பிடுவார்கள். கொண்டுவரும் செலவு அதில் தனி வரியாக இருக்கும், அதில் பேரம் பேச முடியாது. பக்கத்திலேயே டீலர் தானாக அச்சடித்து இன்னொரு தாள் ஒட்டினால், டயரில் நைட்ரஜன், கண்ணாடியில் எண் பொறிப்பது, பெயின்ட் பாதுகாப்பு என்று, அது ஒன்றுக்கும் சம்மதிக்காதே. 2021, 2022-ல் சிப் தட்டுப்பாட்டின்போது விலைத்தாளுக்கு மேல் ஆயிரக்கணக்கில் கேட்டார்கள், ஆர்டர் வண்டிக்கு அப்படி எதுவும் சேர்க்க மாட்டோம் என்று எழுத்தில் வாங்கு. முன்பணம் திரும்பக் கிடைக்குமா, மாடல் வருஷம் மாறினால் விலை மாறுமா, இந்த இரண்டையும் அதே காகிதத்தில் எழுதச் சொல். மாதத் தவணை எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்லாதே, மொத்த விலையை மட்டும் பேசு. 84 மாதக் கடன் என்று நீட்டினால் எந்த வண்டியும் கைக்கு எட்டுவது போலத் தெரியும்.

நிறம் வெள்ளை எடு, தனிக் காசு இல்லை, வெயிலில் வண்டி அவ்வளவு சூடாகாது. அம்மா சிவப்பு என்கிறாள், அவளிடம் நீயே பேசிக்கொள்.

டீலர் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் ஆர்டர் தாள் ஒன்று அச்சடித்துக் கொடுப்பார், ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் ஒரு குறியீடு இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, அச்சு விகிதமும் லாக்கும் அதில் இருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்கிறேன். ராத்திரி எந்நேரமானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா