செயலாளரின் ஆண்டறிக்கை: தோட்டத்து ஒலிகளைப் பதிவு செய்யும் பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தபடி, மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங் வட்டார ரப்பர் தோட்டங்களில் நம்மவர் வாழ்ந்த வாழ்க்கையை ஒலிகளாகத் திரட்டுவதே இவ்வாண்டின் முதன்மைப் பணியாக இருந்தது. கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

1970களில் வான்கூவரிலிருந்து ஊர்களின் ஒலிச்சூழலைப் பதிவு செய்த ஆர். மர்ரே ஷேஃபர், ஓர் ஊருக்கே உரிய ஒலியை அதன் அடையாளமாகக் கொண்டு காக்க வேண்டும் என்றார். நமக்கு அத்தகைய ஒலி எது என்று கேட்டபோது, பெரியவர்கள் விடியலில் தொழிலாளரை ஆள்கணக்கெடுக்க அழைக்கும் பெரட்டு மணியையே சொன்னார்கள். அந்த மணி இன்றில்லை. பால்மரம் என்னும் ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தபின், உளி பட்டையைச் சீவும் ஓசைக்கும் வெயிலில் ரப்பர் காய் வெடிக்கும் சத்தத்திற்கும் நாம் தாமதமாகவே கருவியை எடுத்தோம்.

சிறுமியாக ரஜுலா கப்பலில் பினாங்கு வந்திறங்கிய ஒரு மூதாட்டியிடம் மணியோசை எப்படியிருக்கும் என்று கேட்டோம். அவர் எவர்சில்வர் தம்ளரைக் கரண்டியால் தட்டினார். தலையாட்டி மறுத்து, பாதி தண்ணீர் ஊற்றி மீண்டும் தட்டினார். "இப்படித்தாம்பா, ஆனா இன்னும் கொஞ்சம் கோவமா இருக்கும்" என்றார்.

இப்பதிவின் பின்னணி இரைச்சலை நீக்கிவிடலாம் என்று செயலவையில் சிலர் வற்புறுத்தினர். நீக்கினால், சன்னல் வழியே வந்த பாங்கோசையும், பக்கத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் ஊருக்குக் கைப்பேசியில் பேசிய குரலும் போய்விடும். கடல் கடந்து வந்து தோட்டத்தில் உழைப்பவரின் குரலை, அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாமே இரைச்சல் என்று அழிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. நீண்ட விவாதத்திற்குப் பின், மூலக் கோப்பைத் தொடுவதில்லை என்று முடிவாயிற்று.

மண்டபத்தில் எடுத்த முதல் 3 பதிவுகளில் பேச்சைவிட மின்விசிறியின் உறுமலே மிகுதி. அதன்பின் விசிறியை நிறுத்தினோம். வியர்த்தபடி பேசிய பெரியவர்களிடம் இங்கே மன்னிப்புக் கோருகிறேன்.

பதிவுகள் அனைத்தும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் உள்ளன. ஒரு மணி நேர ஸ்டீரியோ பதிவு ஏறத்தாழ 1 ஜிகாபைட் பிடிக்கும் என்பதால், பிரதி வேண்டுவோர் பென்டிரைவ் கொண்டுவர வேண்டும். ஒப்பாரிப் பதிவுகளில் இரண்டை வெளியே ஒலிக்க விட வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால், அவை பூட்டியே வைக்கப்பட்டுள்ளன.

பழைய ரப்பர் ஸ்டோரின் இரும்புக் கதவு இன்னும் கிறீச்சிட்டுத் திறக்கிறது. இடிக்கப்படுவதற்குள் அதைப் பதிவு செய்ய அனுமதி கோரி எழுதிய கடிதத்திற்குப் பதில் வரவில்லை. புதிய செயலவை அதைத் தொடர வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்