கவாயீயும் கொவாயும்

அன்புள்ள தோழி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் தாமதமானதற்கு என் வலது தோள்தான் காரணம். ஜூடோ வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். ஆமாம்டி, இந்த வயதில்தான். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

இரண்டு மாதமாகியும் இதுவரை யாரையும் தூக்கிப் போடவில்லை. விழத்தான் கற்றுக்கொள்கிறேன். 'உகெமி' என்று அதற்குப் பெயர். பின்பக்கமாக விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு இடுப்பு பெல்ட்டின் முடிச்சையே பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பின்மண்டை மோதும். முதுகு பாயைத் தொடும் அதே நொடியில் கையால் ஓங்கி அறையவும் வேண்டும். நான் எப்போதும் கொஞ்சம் தாமதம். "விழுந்ததுக்குப் பாயை அடிக்கிறீங்க ஆன்ட்டி" என்கிறாள் எனக்கு ஜோடியாகக் கிடைத்த பன்னிரண்டு வயதுக்காரி. 1882-ல் இந்தக் கலையை உருவாக்கிய கானோ ஜிகோரோ வைத்த பெயரில் 'ஜூ' என்றால் மென்மையாம். என் தோள் அதை நம்பத் தயாராக இல்லை. ஒரே வீச்சில் ஆட்டத்தை முடித்துவிடும் முழுப்புள்ளிக்கு 'இப்போன்' என்று பெயர். 'இப்பொன்' என்றுதான் என் காதில் விழுகிறது. அந்தப் பொன் தினமும் அந்தக் குட்டிக்கே போகிறது.

வாய் சும்மா இருக்குமா? ஜப்பானிய மொழியும் படிக்க ஆரம்பித்தேன். போன வாரம் எங்கள் மாஸ்டரின் குரு ஜப்பானிலிருந்து வந்திருந்தார். வயதானவர், அதிகம் பேசமாட்டார். போனில் ஒரு படம் காட்டினார்: அவர் வீட்டு நாயும் பூனையும் ஒன்றன்மேல் ஒன்று தலைவைத்துத் தூங்குகின்றன. 'கவாயீ' என்றால் அழகு, செல்லம். நான் முகமெல்லாம் மலர 'கொவாய்! கொவாய்!' என்றேன். அதற்கு 'பயமா இருக்கு' என்று அர்த்தம். மனிதர் சட்டென்று போனை இழுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். சமாளிக்கிறேன் பேர்வழி என்று, 'போலிருக்கிறது' என்று பொருள் தரும் 'சோ'வைச் சேர்த்து, 'கவாய்சோ' என்றேன். 'ஐயோ பாவம்' என்று ஆகிவிட்டது! குரு படத்தை ஒரு முறை கவலையோடு பார்த்துக்கொண்டார்.

உன் வீட்டு விவகாரத்துக்கு வருகிறேன். நாய் ஆசையாகப் போகிறது, பூனை அறைகிறது என்று எழுதியிருந்தாயே, அதுவும் மொழிக் குழப்பம்தான். நாய் வாலை வீசி வீசி ஆட்டினால் 'வா, விளையாடலாம்'. பூனை வாலை விசிறினால் 'கிட்ட வந்தே, அவ்வளவுதான்'. சண்டையில் பூனை மல்லாந்தால் சரணாகதி என்று உன் நாய் நினைக்கிறது. உண்மையில் நாலு கால் நகத்தையும் தயாராக வைத்துக்கொள்ளும் பிடி அது. எங்கள் வகுப்பில் தரையில் புரண்டு போடும் சண்டையிலும் மல்லாந்து கிடப்பவரிடம் ஜாக்கிரதையாகத்தான் இருக்க வேண்டும். நான் விதிவிலக்கு.

2008-ல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் ஒரே வீட்டில் வளரும் நாய் பூனைகளைக் கவனித்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் ஒன்றின் சைகையை மற்றது சரியாகவே புரிந்துகொள்கிறதாம். ஆறு மாதத்துக்குள் பூனையும் ஒரு வயதுக்குள் நாயும் பழகினால் இன்னும் நல்லது. உன் நாய்க்கு ஏழு வயதாச்சே, கொஞ்சம் நாளாகும். மூக்கோடு மூக்கு வைத்து முகர்கிறார்களா என்று பார். அது பூனைகள் வணக்கம் சொல்லும் முறை. நாய் அதைக் கற்றுக்கொண்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

இதற்கே அலுத்துக்கொள்ளாதே. 2004 சுனாமிக்குப் பிறகு கென்யாவில் தாயைப் பிரிந்த நீர்யானைக்குட்டி ஒன்று, நூறு வயது தாண்டிய ஆமையிடம் போய் ஒட்டிக்கொண்டது. 'ம்ஸே' என்பது ஆமையின் பெயர், சுவாஹிலியில் 'பெரியவர்'. ஆமை முதலில் விலகித்தான் போனது. அப்புறம் இரண்டும் சேர்ந்தே தின்றன, சேர்ந்தே தூங்கின.

நாளைக்கு மறுபடி வகுப்பு. குட்டி காத்திருப்பாள். ஆமாம், பூனைக்கு என்ன பெயர் வைத்தாய்? நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், அதை மட்டும் சொல்லவே இல்லையே!

உன்,
அதே பழைய வாயாடி