அது மரியாளின் தாலாட்டு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கிறிஸ்துமஸ் சிறப்பிதழில் பழைய ஆங்கிலத் தாலாட்டுகளைப் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். அதில் 'கவென்ட்ரி கேரல்' பாட்டைக் குழந்தை இயேசுவுக்கு மரியாள் பாடிய தாலாட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அது சரியல்ல. அதைப் பாடுகிறவர்கள் பெத்லகேமின் மற்ற தாய்மார்கள். புதிதாய்ப் பிறந்த ராஜாவுக்குப் பயந்து, ஊரின் சின்ன ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்னான் ஏரோது ராஜா. பிள்ளைகளை வெட்ட அவன் சேவகர்கள் வரும் வேளையில் பாடுகிறார்கள்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் கவென்ட்ரி, அந்தக் காலத்தில் கம்பளித் துணிக்குப் பேர்போன ஊர். கோடையில் வரும் கிறிஸ்துவின் திருவுடல் திருவிழாவின்போது, ஒவ்வொரு தொழில் சங்கமும் வேதாகமக் கதையில் ஒரு பகுதியை எடுத்து, சக்கரம் பூட்டிய மேடையில் தெருவில் நடிக்கும். துணி கத்தரிப்பவர்களும் தையற்காரர்களும் சேர்ந்து போட்ட நாடகத்தில் வருவதுதான் இந்தப் பாட்டு. நாம் டிசம்பரில் பாடுவது கோடைக்காலத் தெருநாடகப் பாட்டு. நாடகத்தை 1534-ல் ராபர்ட் குரூ என்பவர் திருத்தி எழுதினார்.

காட்சியைக் கொஞ்சம் பாருங்கள். மரியாளும் யோசேப்பும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்குப் போகிறார்கள். அவர்கள் போகப் போக, இந்தப் பக்கம் பெண்கள் கைக்குழந்தைகளோடு பாடிக்கொண்டே வருகிறார்கள். பிள்ளை அழுதுவிடக் கூடாது என்பதற்காகவே கையில் வைத்துத் தாலாட்டுகிறேன் என்கிறாள் முதல் பெண். அழுகைச் சத்தம் வெளியே கேட்டால் தீர்ந்தது. மூன்றாமவளிடம் இருக்கும் ஆயுதம் ஒரு அகப்பை. எவன் எவ்வளவு உயரக் குதிரைமேல் வந்தாலும் இதாலேயே அவன் மண்டையைக் கலக்குவேன் என்கிறாள். அடுத்து என்ன நடக்கும் என்று தெருவில் நின்று பார்த்த அத்தனை பேருக்கும் தெரியும். அந்த அகப்பையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

நாடகம் 1579-க்குப் பிறகு நின்றுபோனது. மூன்று குரலுக்கான மெட்டு, தாமஸ் மாடிக் என்ற பெயரோடும் 1591 என்ற ஆண்டோடும் நாடகத்தின் கையெழுத்து ஏட்டில் சேர்ந்திருந்தது. மேற்கத்திய இசையில் சோகமாக ஒலிக்கும் மைனரிலேயே போகும் பாட்டு, ஒவ்வொரு சரணத்தின் கடைசி ஒலியிலும் தெளிவாக ஒலிக்கும் மேஜருக்கு மாறும். பாடகர் குழுவில் நின்று பாடியவர்களுக்கு அந்த இடம் தெரியும். ஏடு 1879-ல் பர்மிங்காம் நூலகத் தீயில் எரிந்துபோனது. தாமஸ் ஷார்ப் என்ற உள்ளூர் ஆய்வாளர் 1825-ல் பாட்டையும் இசையையும் அச்சிட்டு வைத்திருந்ததால்தான் நமக்கு இது மிஞ்சியது.

1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் கவென்ட்ரியில் குண்டு பொழிந்தன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பேராலயம் எரிந்தது. அந்தக் கிறிஸ்துமஸ் நாளில், இடிபாடுகளின் நடுவிலிருந்து பிபிசி ஒலிபரப்பிய நிகழ்ச்சியில் பாடப்பட்டது இந்தப் பாட்டே. ஆண்டுக்கொரு முறை கேட்கும் இனிமையான மெட்டு என்று மட்டும் அந்த ஊர்க்காரர்கள் அன்றைக்கு இதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதனால்தான் இதைத் தொட்டில் படத்தோடு அச்சிட்டது எனக்கு மனவருத்தம் தந்தது. பிள்ளையைப் பறிகொடுக்கப் போகும் தாய்மாரின் பாட்டை அவர்களிடமிருந்தே பறிப்பதுபோல் ஆகிவிடுகிறது. அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். கேரல் ஆராதனை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இந்தப் பாட்டை மேய்ப்பர் காட்சிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மத்தேயு 2-ஆம் அதிகாரம் 16 முதல் 18 வரையிலான வசனங்களை வாசித்த பிறகு பாடுங்கள். முடிந்தால் மாசில்லாக் குழந்தைகளை நினைவுகூரும் டிசம்பர் 28 அன்று பாடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
பாளையங்கோட்டை