ஒன்பது பழைய காற்றாலைகளுக்கு ஈடாக ஒரே புதிய காற்றாலை அமைக்க வழிவகை கோரும் மனு

அனுப்புநர்:
சிறு காற்றாலை உரிமையாளர்கள் ஒன்பது பேர்,
முப்பந்தல் பகுதி, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
எரிசக்தித் துறை, தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: பழைய காற்றாலைகளை மாற்றியமைத்தல் – கூட்டு உரிமை, மின்தடம், கழிவு இறக்கைகள் குறித்து ஆணை வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பி, 1990-களின் நடுவில், எங்கள் சிறு நூற்பாலைகளின் மின்தேவைக்காகக் கடன் வாங்கி ஆளுக்கு ஒன்றாக 250 கிலோவாட் காற்றாலை நிறுவியவர்கள் நாங்கள். அவற்றுக்கு இப்போது வயதாகிவிட்டது. பற்சக்கரப் பெட்டி பழுதானால், உற்பத்தி நின்றுபோன அந்த மாதிரிக்கு உதிரிபாகம் தேடியே ஆடி மாதம் கழிந்துவிடுகிறது.

சுமார் 30 மீட்டர் உயரக் கோபுரங்களில் சுழலும் இந்தச் சிறு இயந்திரங்கள், மாநிலத்தின் மிகச் சிறந்த காற்று வீசும் நிலத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன என்பதை நாங்களே ஒப்புக்கொள்கிறோம். உயரே செல்லச் செல்லக் காற்று வேகமாக வீசும்; காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும் என்பதால், 100 மீட்டருக்கும் மேலான கோபுரத்தில் நிற்கும் இன்றைய இயந்திரம் ஒன்றே எங்கள் ஒன்பதின் மொத்தத் திறனான 2,250 கிலோவாட்டை ஈடுசெய்து, ஆண்டு முழுவதிலும் கூடுதல் மின்சாரம் தரும். 20 ஆண்டுகளைக் கடந்த காற்றாலைகளுக்காக அரசு 2024-இல் வெளியிட்ட கொள்கையை இதனாலேயே மனமார வரவேற்றோம்.

ஆனால் ஒன்பது பட்டாக்களில் ஒன்பது பேருக்குச் சொந்தமானவை ஒன்றாகும்போது எழும் உரிமைச் சிக்கல்தான் எங்களைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. சொந்தப் பயன்பாட்டு மின்சாரம் என்ற தகுதி நிலைக்க, மத்திய அரசின் 2005-ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி, பயன்படுத்துவோர் குறைந்தது 26 விழுக்காடு உரிமையும், உற்பத்தியில் 51 விழுக்காட்டுக்குக் குறையாத நுகர்வும் கொண்டிருக்க வேண்டும். கூட்டு உரிமையில் அந்த நுகர்வு அவரவர் பங்குக்கு ஏற்பவும் அமைய வேண்டும். எங்களில் ஒருவர் ஆலையைப் பாதி நேரம் மட்டுமே ஓட்டினாலும், மற்ற எண்மரும் அந்தத் தகுதியை இழந்து கூடுதல் கட்டணத்திற்கு உள்ளாவோமோ என்ற அச்சத்தில் எந்த வங்கியும் எங்களை நம்பிக் கடன் தரத் தயங்குகிறது. எனவே, சிறு உரிமையாளர்கள் தங்கள் நிலத்தையும் பழைய இணைப்புத் திறனையும் பங்காக மாற்றிக்கொள்ள முத்திரைத்தாள், பதிவுக் கட்டண விலக்குடன் ஒரு தெளிவான நடைமுறையையும், பங்கு விகிதத்தை ஆண்டுதோறும் திருத்திப் பதியும் வசதியையும் அளிக்க வேண்டுகிறோம்.

அடுத்தது மின்தடம். காற்று பலமாக வீசும் நாட்களில் தடம் தாங்காது என்று இயந்திரங்களை நிறுத்தச் சொல்லப்பட்ட அனுபவம் எங்களுக்கு உண்டு. வீசிய காற்று திரும்பி வராது. பழைய இயந்திரங்கள், மின்னழுத்தத்தை நிலையாக வைக்க உதவும் எதிர்வினைத் திறனை (reactive power) மின்வலையிலிருந்து இழுப்பவை. புதியவற்றின் மின்னணு மாற்றிகளோ அதை வழங்கி, மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். ஆகவே புதிய இயந்திரத்தைச் சுமையாகக் கருதாமல், துணை மின்நிலையத்தை வலுப்படுத்தும் பணிக்குக் காலக்கெடு நிர்ணயிக்க வேண்டும்.

கழற்றப்படும் 27 கண்ணாடியிழை இறக்கைகளையும் உருக்கவோ எரிக்கவோ எங்களால் இயலாது. அவற்றைப் பனங்காட்டு ஓரத்தில் போட்டுவிட்டுச் செல்ல எங்களுக்கு மனமில்லை. மாவட்ட அளவில் ஒரு சேகரிப்பு இடமேனும் ஒதுக்கித் தர வேண்டும்.

நில வரைபடமும் ஒன்பது பேரின் ஒப்புதல் கடிதங்களும் இணைக்கப்பட்டுள்ளன. அடுத்த வைகாசிக்குள் அடித்தளப் பணியைத் தொடங்க ஏதுவாக ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள் ஒன்பது பேர்