வாடிக்கையாளர்களுக்கு: நோவுக்குக் கார மருந்து ஏற்றுவது பற்றி

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

நாரி நோ, மூட்டுவாதம் உள்ளவர்கள் பலர் இங்கே ஜெர்மனியில் இயற்கை வைத்தியர்கள் ஏற்றும் 'பாசன் இன்பூசியோன்', அதாவது அமிலத்துக்கு எதிரான காரக் கரைசலை நாளத்தில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது பற்றி எங்கள் மருந்தகத்தில் கேட்கிறார்கள்.

பையில் இருப்பது 0.9 வீத உப்புநீரும் 8.4 வீத சோடியம் பைகார்பனேற்றும். பின்னது வேறொன்றுமில்லை, ஊசிமருந்துத் தரத்தில் அப்பச்சோடா. சில இடங்களில் புரொக்கைன் என்ற பழைய விறைப்பு மருந்தையும் சேர்ப்பார்கள். அழற்சியுள்ள இழையம் அமிலப் பக்கம் சாய்ந்திருக்கும்; அங்கே விறைப்பு மருந்து நரம்புக்குள் புகுவது குறையும். சீழ் வைத்த பல்லில் ஊசி சரியாக விறைக்காததற்கு அதுவும் ஒரு காரணம். காரம் கொடுத்து அதைச் சரிக்கட்டலாம் என்பது சிகிச்சையாளர்களின் கணக்கு.

கணக்கு இடறுவது இரத்தத்தில். இரத்தத்தின் பிஎச் (அமில, கார அளவு) 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்கும். மிஞ்சிய காரத்தைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். ஏற்றிய பிறகு சலத்தில் தோய்க்கும் பிஎச் பட்டி 8 காட்டுவது அந்தக் கழிவைத்தான், உடம்பு 'அமிலம் நீங்கிய' அடையாளத்தை அல்ல. காலைச் சலம் 5.5 காட்டினாலும் பயப்பட ஒன்றுமில்லை. நாட்பட்ட நோவை இது தீர்க்கும் என்று சொல்ல உறுதியான ஆய்வுச் சான்றும் இல்லை. அரச கிராங்கன்காச (மருத்துவக் காப்புறுதி) பொதுவாகப் பணம் கட்டாது.

நாங்கள் கவலைப்படுவது சோடியத்தைப் பற்றி. 250 மில்லிலீற்றர் உப்புநீரில் 40 மில்லிலீற்றர் பைகார்பனேற்றுக் கலந்தால், ஏறும் சோடியம் ஏறக்குறைய 4.6 கிராம் கறியுப்புக்குச் சமம். உலக சுகாதார அமைப்பு ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் எல்லையே 5 கிராம். இதயப் பலவீனம், சிறுநீரக நோய், கட்டுப்படாத பிரஷர், கால்வீக்கம் உள்ளவர்களுக்கு இது வேண்டாம். காரம் ஏறும்போது பொட்டாசியம் கலங்களுக்குள் போய் இரத்தத்தில் குறையும். சலம் போகக் குளிசை எடுப்பவர்களுக்கும் டிஜிற்றொக்சின் என்ற இதய மருந்து எடுப்பவர்களுக்கும் இதயத்துடிப்பு குழம்பக்கூடும்.

புரொக்கைனை நாளத்தில் ஏற்றுவது மருத்துவரின் வேலை. ஹைல்பிராக்டிக்கர் எனப்படும் இயற்கை வைத்தியருக்கு, மருத்துவரின் சீட்டில்லாமல் அனுமதி தோலுக்குள் போடும் ஊசிக்கு மட்டுமே, அதுவும் 2 வீதம் வரை. சலக்கிருமிக்குக் கொற்றிம் என்ற கிருமிகொல்லி மருந்து குடிக்கிறீர்களா? புரொக்கைன் உடைந்து வரும் பொருள் அந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும்.

ஏறும்போது உதடும் விரலும் விறுவிறுத்தால், வாயில் உலோகச் சுவை வந்தால், காது இரைந்தால், தலை சுற்றினால், உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஊசி ஏறிய இடம் எரிந்து வீங்கினாலும் அப்படியே: மருந்து நாளத்துக்கு வெளியே கசிந்தால் தோல் கருகி அழுகலாம். முடிந்ததும் கொஞ்ச நேரம் படுத்திருங்கள், கார் ஓடவேண்டாம். பையில் சுண்ணாம்புச்சத்து ஊசி எதையும் கலக்கக்கூடாது, கலந்தால் வெள்ளையாகத் திரைந்துவிடும்.

வீட்டில் ஏற்ற அம்பூல் (ஊசிமருந்துக் குப்பி) கேட்பவர்களுக்கு நாங்கள் கொடுப்பதில்லை. மூட்டு ஒன்று திடீரெனச் சிவந்து சுட்டுக் காய்ச்சலும் இருந்தால், இந்தக் கதையெல்லாம் விட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். வாதத்துக்கு எடுக்கும் குளிசைகளை இதற்காக நிறுத்தவேண்டாம்.

மூன்று மருந்துக்கு மேல் எடுப்பவர்கள் மருத்துவர் தந்த மருந்துப் பட்டியலைக் கொண்டுவாருங்கள். எது எதோடு மோதும் என்று பார்த்து, அதிலேயே எழுதித் தருவோம்.

உங்கள் மருந்தகத்தார்