நினைவுச் சுவர் வேலை: நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம். சிட்னியின் ராக்ஸ் பகுதி இடிபடாமல் காத்தவர்களுக்காக நாம் எடுத்துக்கொண்ட நினைவுச் சுவர் வேலை முடிந்துவிட்டது. நம் கூடத்தின் பின்சுவரில் மூன்று படப்பலகைகளும் ஒரு பித்தளைத் தகடும் பொருத்தியாயிற்று.

ஆணியடிக்க ஒரு நாள்தான் ஆனது. யார் படத்தை வைப்பது என்று பேசத்தான் மூன்று கூட்டங்கள். முதல் வரைவில் தொழிற்சங்கத் தலைவர் ஜாக் மன்டி மட்டும் பெரிதாக இருந்தார். 1973 அக்டோபரில் போலீசார் அவரைத் தூக்கிக்கொண்டு போகும் படத்தை விட்டுவிட யாருக்கு மனம் வரும்? ஆனால் ஒரு மூத்த உறுப்பினர், "ராக்ஸின் ஆர்கைல் தெருவில் ஒரு பகுதிக்கே அவர் பெயர் இருக்கிறது. நீட்டா மெக்ரேயை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?" என்று கேட்டார். கை தூக்கியவர்கள் இரண்டே பேர்.

அவர் கேட்டது நியாயம்தான். ராக்ஸில் பழைய வீடுகளை அகற்றி உயரமான கட்டடங்கள் எழுப்ப 1968ல் அரசு சட்டமே போட்டது. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த குடும்பத்துப் பெண்ணான மெக்ரே, 1971ல் குடியிருப்போரைத் திரட்டினார். மன்டி செயலாளராக இருந்த கட்டடத் தொழிலாளர் சங்கம் தானாகப் போய் எங்கும் பசுமைத் தடை, அதாவது ஓர் இடத்தைக் காக்க அங்கே வேலை செய்ய மறுக்கும் தடை, போட்டதில்லை. அந்த வட்டாரத்து மக்கள் கூட்டம் கூடிக் கேட்டால்தான் போட்டது. ராக்ஸ் மக்கள் கேட்டார்கள். கூலி போகும் என்று தெரிந்தே சங்கத்து ஆட்கள் இடிக்கும் வேலைக்குப் போகவில்லை. சங்கத்தில் இல்லாத ஆட்களை வைத்து இடிக்கப் பார்த்தபோதுதான் பிளேஃபேர் தெருவில் மறியல், கைது எல்லாம். 1975ல் தடை விலகியபோது பழைய திட்டம் வெகுவாக மாறியிருந்தது. இன்றும் அங்கே மணற்கல் வீடுகள் நிற்கின்றன.

ஆகவே மெக்ரேயும் மன்டியும் ஒரே அளவில், மெக்ரே முதலில். மூன்றாவது பலகை, பெயர் தெரியாத தொழிலாளர்களுக்கு.

தகடு முதலில் வந்தபோது மெக்ரே பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. யாரை முன்னால் வைக்க இவ்வளவு பேசினோமோ அவர் பெயரிலேயே! அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்காதது குழுவின் தவறு. மறு தகட்டுச் செலவைக் குழுவினரே பகிர்ந்துகொண்டோம். நம் சங்கப் பணத்தைத் தொடவில்லை. ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அப்புறம் ஒன்று: தகட்டின் வலது கீழ்த் திருகு இன்னும் சற்று ஆடுகிறது. சரிசெய்யும் வரை துடைப்பவர்கள் அந்த மூலையை அழுத்த வேண்டாம்.

— பணிக்குழு