கத்திக்கு நூற்றுக்கு நூறு, பிடிக்கு முப்பத்தைந்து

அன்புள்ள தம்பிக்கு,

நீயே பிடி செய்து போட்டு அனுப்பிய கத்தி பத்திரமாக வந்து சேர்ந்தது. கத்தி, உப்பு, மிளகாய் இதையெல்லாம் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பாள் ஆச்சி. நீ கூரியர்க்காரரிடம் கொடுத்து அனுப்பிவிட்டதால் சண்டை எனக்கும் அவருக்கும்தான். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுவாய்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தோதகத்தி, அதாவது ஈட்டி மரத்தின் ரேகை பிடியின் நீளவாக்கில் ஓடுகிறது. குறுக்கே ஓடியிருந்தால் ஒருமுறை கீழே விழுந்ததுமே பிளந்திருக்கும். அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை போகிறது, அதனால் என்ன அழுத்தினாலும் ஆட்டம் இல்லை. மூன்று பித்தளை ரிவெட்டும் ஒரே கோட்டில் நிற்கின்றன. ஒற்றை விரலில் வைத்தால் பிடி தொடங்கும் இடத்தில் சாயாமல் நிற்கிறது. உன் அப்பா சாயங்காலம் முழுக்க அதை விரலில் நிறுத்தி விளையாடிக்கொண்டிருந்தார். காய் நறுக்க ஒரு ஆள் உதவிக்கு வரவில்லை, அது வேறு கதை.

சரி, இப்போது கேட்கிறேன். இதை வெட்டுவதற்குச் செய்தாயா, போட்டோ எடுப்பதற்குச் செய்தாயா?

நாலு விரலுக்கு நாலு பள்ளம் குடைந்திருக்கிறாய். அழகுதான். ஆனால் அந்தப் பள்ளங்கள் உன் விரலுக்கு அளவெடுத்தவை. என் விரல்கள் பள்ளத்தில் விழாமல் மேட்டில் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. அப்பாவின் விரலுக்கோ பள்ளம் போதவில்லை. உன் அத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏன் மதினி, இது கத்தியா, மாவுக்கட்டா?" என்று கேட்டாள். அப்புறம், சமையலறையில் ஒரே மாதிரியா கத்தியைப் பிடிக்கிறோம்? வெங்காயம் அரியும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அலகையே கவ்விக்கொள்ளும். பலாக்காயைப் பிளக்கும்போது முழுப் பிடியையும் இறுக்கிப் பிடித்து அழுத்த வேண்டும். மாங்காய்த் தோல் சீவும்போது கத்தியே நம்மைப் பார்த்துத் திரும்பிவிடும். உன் பள்ளங்கள் இதில் எதற்கும் ஒத்துவரவில்லை. "என்னை இப்படி மட்டும்தான் பிடிக்கலாம்" என்று அடம்பிடிக்கின்றன. யாரைப் போல என்று நான் சொல்லவில்லை.

பள்ளம் இல்லாத பக்கம் கடைசல் கட்டில் கால் மாதிரி உருண்டை. சாளை மீன் ஆயும்போதுதான் அதன் குணம் தெரிந்தது. செதிளும் தண்ணீரும் பட்ட கைக்குள் பிடி மெல்லச் சுழல்கிறது. அலகு கீழே பார்க்கிறதா, பக்கவாட்டில் பார்க்கிறதா என்று ஒவ்வொரு மீனுக்கும் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கத்தியை எடுத்தாலும் கூர் எந்தப் பக்கம் என்று உள்ளங்கைக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பிடியை முட்டைபோல் நீள்வட்டமாக இழைக்க வேண்டும், கூர் இருக்கும் பக்கம் கொஞ்சம் ஒடுங்கி. கடையில் கிடைக்கும் முப்பது ரூபாய் பிளாஸ்டிக் பிடிக்குக்கூட இது தெரிந்திருக்கிறது.

இன்னொன்று. அலகின் அகலமும் பிடியின் தடிமனும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் பலகையில் வைத்து வெட்டினால் கூர் பலகையைத் தொடுவதற்கு முன்னால் என் விரல் முட்டி தொட்டுவிடுகிறது. டொக், டொக் என்று சத்தம். கீழ்வீட்டு அக்கா, "என்ன, கீமாவா?" என்று கேட்டாள். அரிந்தது கொத்தவரங்காய். அடுத்த முறை வெறும் அலகு வாங்கும்போது, பிடிப் பக்கம் நன்றாக அகன்று கீழே இறங்கியிருப்பதாகப் பார்த்து வாங்கு. அது இல்லையென்றால் பிடியையாவது மேல்விளிம்போடு சேர்த்து ஏற்றி வை.

உன் தாத்தா அரிவாளுக்குப் பிடி போடுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மரத்தில் சின்னதாக ஒரு துளை போடுவார். அரிவாளின் வாலைப் பழுக்கக் காய்ச்சி அதில் இறக்குவார். புஸ்ஸென்று புகை வரும், மரம் கருகித் தானே இடம் விடும். கழற்றி, உள்ளே அரக்கைப் பொடித்துப் போட்டு, மறுபடி சூடாக்கி இறக்கினால் ஆறியதும் அசையாது. வாய்ப்பக்கம் பிளக்காமல் இருக்க ஒரு இரும்புப் பூண். உடைந்த கண்ணாடித் துண்டால் மரத்தைச் சுரண்டுவார், சுருள் சுருளாக விழும். அதோடு சரி. வார்னிஷ் கிடையாது. நீ அடித்திருக்கும் வார்னிஷில் என் முகமே தெரிகிறது. நல்லெண்ணெய் பட்ட கையில் கத்தி நிற்க மாட்டேன் என்கிறது. (திருப்பாச்சேத்தி அரிவாளைப் பிடியைப் பார்த்தா வாங்குகிறார்கள் என்று அப்பா உனக்குப் பரிந்து பேசுகிறார். அவர் பேசுவார், மீன் ஆய்வது நான்தானே.)

வார்னிஷைச் சுரண்டிவிட்டு ஆளிவிதை எண்ணெய் தடவு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது காயவே காயாது, நாளானால் சிக்கு வாடை அடிக்கும். ஆனால் ஒன்று, இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிடாதே. காயும்போது தானே சூடேறித் தீப்பிடித்துவிடும். வெளியே கொடியில் விரித்துப் போடு. தோதகத்தியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் கட்டிக்கொள். அந்தத் தூள் தோலுக்கும் ஆகாது, மூச்சுக்கும் ஆகாது. போன மாதம் தும்மிக்கொண்டே பேசினாயே, தூசி அலர்ஜி என்றாய். எந்தத் தூசி என்று இப்போது புரிகிறது.

அப்புறம், கத்தியில் நீ வெட்டியிருக்கும் உன் பெயர். எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டுவது விசேஷ வீட்டில் மாறிப்போகாமல் இருக்க. இந்தக் கத்தியை யார் மாற்றி எடுத்துப் போகப் போகிறார்கள்? எழுத்துக்குள்ளெல்லாம் மீன் செதிள் போய் உட்கார்ந்துவிட்டது. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துத்தான் உன் பெயரை மீட்டேன்.

மரத்துக்கு இவ்வளவு செலவும் செய்ய வேண்டாம். இங்கே தூத்துக்குடியைச் சுற்றி எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேலம், வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள். அதன் நடுவயிரம் நல்ல சிவப்பு, நல்ல கெட்டி, மழைக்கும் வெயிலுக்கும் அவ்வளவாக ஏறி இறங்காது. கறிக்கடையில் கட்டைக்கு வைத்திருக்கும் புளியமரமும் நல்லதுதான். இரண்டிலும் ஒவ்வொரு துண்டு வாங்கி நிழலில் போட்டிருக்கிறேன், நன்றாகக் காய்ந்ததும் அனுப்புகிறேன். ஆனால் நேரே அதில் கை வைக்காதே. முதலில் கல்யாண முருங்கை மாதிரி மிருதுவான மரத்தில் ஒரு பொய்ப் பிடி செதுக்கி, ஒரு கிலோ வெங்காயம் நறுக்கிப் பார். கை வலித்தால் பிடி சரியில்லை. கண் எரிந்தால் அது வெங்காயம்.

இந்தத் தாளின் பின்பக்கம் என் வலது கையை வைத்து, அப்பாவைப் பென்சிலால் வரையச் சொல்லியிருக்கிறேன். உள்ளங்கை அகலம் 7.5 செ.மீ. சுண்டுவிரல் வீங்கியிருப்பதுபோல் தெரிவது அவர் பென்சிலைச் சரித்துப் பிடித்ததால். அதை நம்பி மரத்தை இழைத்துவிடாதே.

அன்புடன்,
அம்மா